விழுந்தவுடன் கையைத் தூக்கு

மகனே,

வெள்ளிக்கிழமை விசாவுக்குப் பதில் வந்துவிட்டது. இல்லை என்றுதான். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த முறையும் பழைய காரணமேதான். என் பிள்ளை அங்கே சரியான காகிதம் இல்லாமல் இருக்கிறான், ஆகவே நானும் வந்தால் திரும்பிப் போகமாட்டேன் என்று அவர்களுக்குச் சந்தேகமாம். அறுபத்தாறு வயதுக் கிழவன், இரண்டு முட்டியிலும் தைலம் தேய்த்துக்கொண்டு, சிட்னியில் ஒளிந்து திரியப் போகிறேனாம்! சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா, நீயே சொல்.

உனக்குத் தமிழ் காதால் கொஞ்சம் புரியும், கண்ணுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. இந்தியில் எழுதியிருக்கலாம், இங்கிலீஷிலும் தட்டுத்தடுமாறி எழுதியிருக்கலாம். ஆனால் மனசில் இருக்கிறதைச் சொல்ல வேண்டுமானால் எனக்கு லம்பாசாவில் என் அம்மா திட்டின பாஷைதான் வருகிறது. பள்ளிக்கூடத்தில் மதராஸிலிருந்து வந்த வாத்தியார் பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்த எழுத்து இன்னும் கையை விட்டுப் போகவில்லை. அதுவும் போக, இப்போது உனக்குப் படித்துச் சொல்ல ஒருத்தி வந்திருக்கிறாள். நித்யாம்மா, நீ மதுரைப் பெண், நல்ல தமிழ் பேசுகிறவள். இந்த ஃபிஜிக்காரன் தமிழில் பிழை இருந்தால் சிரித்துக்கொள், பரவாயில்லை. ஆனால் சங்கடமான இடம் வந்தால் தாண்டிப் போய்விடாதே தாயி. இவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே முழுக்கப் படி.

நான் வரவேண்டும் என்று இரண்டு தரம் கல்யாணத் தேதியைத் தள்ளி வைத்துவிட்டாய். மூன்றாம் தரம் தள்ளாதே. இந்தக் கடிதத்தில் நான் கேட்கப் போவது அவ்வளவுதான். ஆனால் நேராகச் சொன்னால் நீ கேட்கமாட்டாய். உன் அம்மாவின் பிடிவாதம் அப்படியே உனக்கு வந்திருக்கிறது, கூடவே என் மூக்கும் வந்திருக்கிறது, பாவம் நித்யா. அதனால் நாம் இரண்டு பேரும் சண்டை போடாமல் பேசக்கூடிய ஒரே பேச்சை எடுக்கிறேன். போன மாதம் ஆற்றில் ஸ்கீ ஓட்டிவிட்டு இடுப்பு பிடித்துக்கொண்டது, டாக்டர் இனிமேல் வேண்டாம் என்கிறார், விட்டுவிடலாமா என்று கேட்டாயே, அதற்குப் பதில் சொல்கிறேன். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காதுடா. விடாதே, ஆனால் முப்பத்தெட்டு வயதில் இருபது வயசுக்காரன் மாதிரி குதிக்காதே.

நித்யாவுக்குப் புரிகிற மாதிரி இரண்டு வரி. அம்மா, படகுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்மேல் சறுக்கிப் போகிறதைப் பார்த்திருப்பாய். இரண்டு காலுக்கும் இரண்டு பலகை மாட்டிப் போவது குழந்தை விளையாட்டு. ஒரே பலகையில் முன்கால் பின்கால் என்று நின்று, படகு கிழித்துக்கொண்டு போகிற அலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டி வெட்டிக் கடப்பதற்கு ஸ்லாலம் என்று பெயர். இவன் அப்பனுக்கு அதுதான் பைத்தியம். அந்தப் பைத்தியத்துக்கு மூன்று பேர் வேண்டும். ஒருவன் முன்னால் பார்த்துப் படகை ஓட்ட வேண்டும், அவன் எக்காரணம் கொண்டும் திரும்பிப் பார்க்கக்கூடாது. ஒருவர் படகில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, பலகையில் நிற்கிறவன் விழுந்தானா, நிற்கிறானா, என்ன சைகை காட்டுகிறான் என்று ஓட்டுகிறவனுக்குச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். மூன்றாவது ஆள் தண்ணீரில். இங்கே லாமியில் எங்களுக்கு ஓட்டுகிறவன் செமி, என்னோடு படகுப் பட்டறையில் எஞ்சின் வேலை பார்த்தவன், லாமி கிராமத்து ஃபிஜியன். பின்னால் பார்க்கிறவள் உன் மாமியார். போன மழைக்காலம்வரை முப்பது வருஷத்துக்கு மேல் அவள் அந்தச் சீட்டை விட்டுக் கொடுத்ததே இல்லை.

சரி, உன் இடுப்புக்கு வருகிறேன். நீ எழும்புகிற விதம் தப்பு. நீ அனுப்பின வீடியோவைப் பார்த்தேன். படகு இழுக்க ஆரம்பித்ததும் நீயும் கைப்பிடியை நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கிறாய். கயிற்றின் அந்தப் பக்கம் இருநூறு குதிரை, இந்தப் பக்கம் நீ ஒருத்தன். யார் ஜெயிப்பார்? உன் இடுப்பு தோற்கும். முட்டியை நெஞ்சோடு சேர்த்துக் குந்தியிரு, கையை நீட்டியபடியே விடு, கிணற்றுக் குடம் மாதிரி சும்மா இரு. படகு உன்னைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவரட்டும். பலகை தட்டையாகி அடியில் சரசரவென்று சத்தம் கேட்டதற்கு அப்புறம் மெதுவாக எழுந்திரு. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். வளையும். முட்டியை வளைக்க மறந்தவன்தான் ஐம்பதில் முதுகை ஒடித்துக்கொள்கிறான். ஓட்டுகிறவனிடமும் சொல்லி வை, பென்சினைத் திடுமென்று கூட்டக்கூடாது, பசு மாட்டை ஓட்டுகிற மாதிரி ஓட்டு என்று.

இன்னொன்று, கையால் பிடிக்காதே. கை நீளமாகக் கிடக்கட்டும், இடுப்பைக் கைப்பிடிக்குக் கிட்டே கொண்டுபோ, படகுக்கு எதிர்ப்பக்கம் மொத்த உடம்பையும் சாய்த்துவிட்டுக் கரையைப் பார். சதையால் பிடிக்கிறவன் சீக்கிரம் களைத்துப் போவான். எலும்பால் தொங்குகிறவன் கிழவனான பிறகும் நிற்பான். இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சிப்பாய்கள் சொல்லிக்கொடுத்தார்கள். உனக்கு இந்தக் கதை அரைகுறையாகத் தெரியும், உன் அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். முழுக்கக் கேள்.

ஆட்சியில் நம் இந்தியர்கள் கை ஓங்கிவிட்டது என்று எண்பத்தேழில் ஃபிஜியன் சிப்பாய்கள் பார்லிமெண்டுக்குள் நுழைந்து ஆட்சியைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு இங்கிலீஷில் கூ என்று பெயர் என்பதை அந்த வருஷம் மாடு மேய்க்கிறவனும் தெரிந்துகொண்டான். கொஞ்ச நாளில் ஒரு சட்டம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆண்டவனுக்கு மட்டும். கடை இல்லை, பஸ் இல்லை, வயலில் வேலை இல்லை, விளையாட்டும் இல்லை. பட்டறை வேலைக்காரனுக்கு வாரத்தில் இருக்கிற ஒரே நாள் அதுதான். நான் சும்மா இருந்திருக்கலாம், ஊர் முழுக்கச் சும்மாதான் இருந்தது. எனக்குக் கொழுப்பு. விடியும்போது போய், லாமி முழிக்கிறதுக்குள் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடலாம் என்று செமியைக் கிளப்பினேன். அவன் சர்ச்சுக்குப் போகிறவன், பயந்தான். "கடவுள் பாக்குறாரு" என்றான் இந்தியில். "அவரு பாத்தா பரவாயில்ல, சிப்பாய் பாக்கக்கூடாது" என்றாள் உன் அம்மா. அப்போது உனக்கு ஏழு வயசு, பக்கத்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

தூறல் விழுந்து தண்ணீர் இழைத்த பலகை மாதிரி மட்டமாக இருந்தது. நான் எழும்பி நான்கைந்து தரம் அலையை வெட்டியிருப்பேன், படகு இறக்குகிற சரிவில் பச்சை ட்ரக் வந்து நின்றது. செமி அதைப் பார்த்துவிட்டுப் பென்சினைக் குறைத்தான். எனக்குப் பலகை அடியில் அமுங்கியது. உன் அம்மாவை உனக்குத் தெரியும். கரப்பான்பூச்சிக்கு ஊரைக் கூட்டுவாள், ட்ரக்குக்கு அசையமாட்டாள். அவள் செமியின் தோளில் ஒரு அடி வைத்தாள். "நிறுத்தாத! சுத்து! தண்ணிக்குள்ள வந்து பிடிக்கட்டும்!" என்னைப் பார்த்து விரலை மேலே தூக்கி வட்டம் போட்டுக் காட்டினாள், இன்னொரு சுற்று என்று. எதிரில் இருக்கிற சின்னத் தீவைச் சுற்றி வந்தோம். ட்ரக் நின்றது. மறுபடி சுற்றினோம். ட்ரக் நின்றது. நான் நிற்கிறவரைக்கும் அவர்களால் என்னை ஒன்றும் செய்ய முடியாது, விழுந்தால் போச்சு. முதலில் கை மரத்தது, அப்புறம் தோள் எரிந்தது, அப்புறம் இனிமேல் முடியாது என்கிற நேரத்தில் உடம்பு தானாகவே சதையை விட்டுவிட்டு எலும்பில் தொங்க ஆரம்பித்தது. அடேயப்பா, அதற்கப்புறம் வலியே இல்லை! முப்பத்தைந்து வயதில் அன்றைக்குக் கற்றுக்கொண்ட பிடிதான் அறுபத்தாறிலும் என்னை நிறுத்துகிறது. கடைசியில் எங்களைக் காட்டிக்கொடுத்தது பென்சின்தான், தீர்ந்துபோய்விட்டது.

கரைக்கு வந்ததும் ஒரு சிப்பாய் கேட்டான், ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்மேல் என்ன வேலை என்று. உன் அம்மா சொன்னாள், "ஏன், உங்க ஏசுநாதரே தண்ணிமேல நடந்தாருதானே?" இரண்டு சிப்பாய்கள் சிரித்துவிட்டார்கள். பெரியவன் சிரிக்கவில்லை. சர்ச்சு முடிகிறவரைக்கும் இந்தக் கட்டையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நில் என்றான் என்னிடம். அது நானே டக்குவா மரத்தில் செதுக்கின பலகை, கனம். செமியைப் பார்த்து, நீ நம்ம ஆள், போய் ஜெபம் பண்ணு என்று விரட்டினான். சர்ச்சுக்குக் கூப்பிடுகிற லாலி முரசு அடித்தது. கிராமத்திலிருந்து பாட்டுச் சத்தம் வந்தது, எவ்வளவு அழகாகப் பாடுகிறார்கள், அதைக் கேட்டுக்கொண்டு சேற்றில் நின்றேன். கொஞ்ச தூரம் போன செமி திரும்பி வந்து பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். "கட்ட பெருசு சார், ஒரு ஆளு தூக்குற கட்ட இல்ல" என்று சிப்பாயிடம் சொன்னான். அதற்காக அவன் ஊர்ப் பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது, ஒரு வருஷம் படகில் ஏறவில்லை. அப்புறம் வந்தான். நம்முடைய ஆட்கள்தான் ஒவ்வொருவராக நாட்டை விட்டுப் போனார்கள்.

படகுக் கொட்டகையைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேனா தெரியவில்லை. ஞாயிறன்று நம்மோடு வருகிற கும்பல் எவ்வளவு பெரிசு! துணிக்கடைக்காரர் ஆக்லாந்து போனார். பாங்க் வேலை பார்த்த அண்ணன் தம்பி கலிஃபோர்னியா. பல் டாக்டர் வான்கூவர். ஒவ்வொருவரும் போகிறதுக்கு முன்னால் பலகையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு, "பத்திரமா வை, லீவுக்கு வருவோம்ல" என்றார்கள். நானும் எண்ணெய் தடவி வைத்தேன், கால் மாட்டுகிற ரப்பருக்குப் பவுடர் போட்டு வைத்தேன். லீவுக்கு வந்தவர்கள் நாந்தியில் பெரிய ஹோட்டலில் இறங்கிவிட்டு அங்கிருந்தே போன் பண்ணினார்கள். இப்போது என் கொட்டகையில் ஆள் இல்லாத பலகைகள் சுவரோரம் நிற்கின்றன. ஒல்லி, குட்டை, வளைந்தது, வெளிநாட்டில் வாங்கினது, எல்லாம் உண்டு. கிழவனுக்கு எந்தப் பலகை தோது என்று கண்டுபிடிக்க இந்த நாட்டில் என்னைப் போல வசதி யாருக்கும் கிடையாது. கூ செய்தவர்களுக்கு அதற்காவது நன்றி சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அந்த ஒல்லியான பந்தயப் பலகையை வீசி எறி. அது வேகமாகப் போனால்தான் மிதக்கும், வேகமாகப் போனால் விழும்போது தண்ணீர் சிமெண்ட் தரையாக இருக்கும். பல் டாக்டருடையது அகலப் பலகை. மனுஷன் குண்டு, அவருக்கென்று வாங்கினது. அது சீக்கிரம் மேலே வரும், படகு மெதுவாகப் போனாலும் அமுங்காது, இடுப்பில் பாரம் பாதிதான். குண்டனுக்குச் செய்த பலகை கிழவனுக்குச் சரி, வெட்கப்படாமல் வாங்கு. கைக்கு உறை போடு, கைப்பிடி உன் விரலுக்குத் தகுந்த பருமனில் இருக்கட்டும். வளைக்கும்போது அவசரப்படாதே, பலகை தானே சுற்றி வரும், அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திரு. மூன்று சுற்று போதும், நாலாவது சுற்றில்தான் எல்லாரும் அடிபடுகிறார்கள். காலை மாட்டுகிற ரப்பர் இறுக்கமாக வேண்டாம், பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தடவினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும், விழுந்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். எனக்கு அது ரொம்ப முக்கியம். சர்க்கரை என் இடது பாதத்தில் உணர்ச்சியைத் தின்றுவிட்டது. கால் உள்ளே இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அந்தக் காலில் புண் வந்தால் ஆறாது, ஆறாவிட்டால் எடுத்துவிடுவோம் என்று டாக்டரம்மா பஸ் டிக்கெட் கிழிக்கிற மாதிரி சொல்லிவிட்டாள்.

உனக்கு முதல் பாடம் நினைவிருக்கிறதா? பத்து வயசிருக்கும். எழும்பினாய், விழுந்தாய், ஆனால் கயிற்றை விடவில்லை. படகு உன்னை முகம் குப்புற இழுத்துக்கொண்டு போகிறது, நீ பாதிக் கடலைக் குடிக்கிறாய், உன் அம்மா "கயித்த விடுடா! விடுடா பாவி!" என்று கத்துகிறாள். மேலே தூக்கிப் போட்டதும் இருமிக்கொண்டே என்னைத் திட்டினாய். "நீங்கதானப்பா பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கோன்னு சொன்னீங்க!" சொன்னேன்தான். நிற்கும்போது பிடி, விழுந்தால் விடு என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாயிரத்திலும் அப்படித்தான் சொன்னேன். மறுபடி கூ, சுவா பட்டணம் எரிகிறது, கடைகளைச் சூறையாடுகிறார்கள், நசினுவில் தெரிந்தவர் வீட்டில் இருந்ததையெல்லாம் ராத்திரிச் சோற்றுப் பானையோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நீ அத்தை மகள் கல்யாணத்துக்கென்று சிட்னிக்குப் போயிருந்தாய், கையில் ஒரு பை, இரண்டு வாரத்து விசா. இருபது வயசு. போனில் "வந்துடவாப்பா?" என்று கேட்டாய். "வராத, அங்கேயே பிடிச்சுக்கோ" என்றேன். நீயும் பிடித்துக்கொண்டாய். அங்கேயே தங்க மனு போட்டாய், தள்ளினார்கள், அதன்மேல் இன்னொரு மனு போட்டாய். சாண் ஏறினால் முழம் சறுக்கினது. அந்த நாட்டை விட்டு வெளியே கால் வைத்தால் திரும்பி நுழைய முடியாது. அதனால் பதினெட்டு வருஷமாக நீ வரவில்லை. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனபோதும் வரவில்லை. கொள்ளி வைக்க நான் நின்றேன், செமி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். உன்மேல் குற்றமில்லை என்று போனில் நூறு தரம் சொல்லியிருக்கிறேன், எழுத்திலும் சொல்கிறேன், நித்யா இந்த வரியை இன்னொரு தரம் படிக்கட்டும்.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்கிறேன், உனக்குத் தெரியாது. விழுந்தவன் தலை தண்ணீருக்கு மேலே வந்ததும் ஒரு கையை நேராகத் தூக்க வேண்டும். எனக்கு ஒன்றும் இல்லை, மெதுவாக வாருங்கள் என்று அர்த்தம். கை வரவில்லையென்றால் படகு பறந்து வரும். நீ போன மறுவருஷம் ஒரு நாள் பலகை புரண்டு விலாவில் இடித்து எலும்பு விரிசல் விட்டுவிட்டது. மூச்சு வரவில்லை, கண் இருட்டுகிறது. ஆனால் கை மட்டும் தானாக மேலே போய்விட்டது. "ஒண்ணுமில்ல, கையத் தூக்கிட்டாரு" என்று அவள் செமியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்தாள். இரண்டு நாள் என்னோடு பேச்சு இல்லை. அப்புறம் சொன்னாள், "இனிமே உங்க கையை நம்பமாட்டேன், மூஞ்சியப் பாத்துத்தான் நம்புவேன்." அதிலிருந்து நான் விழுந்தால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முகத்தைத்தான் பார்ப்பாள்.

போன ஞாயிறு தண்ணீரில் இறங்கினேன். வெள்ளிக்கிழமை அந்தப் பதிலைப் படித்துவிட்டு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் செமி வீட்டில் யங்கோனா வேர்ச் சாறு குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், "நாளைக்குப் போலாமா?" என்றேன். அவனுக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது, மறு காது எஞ்சின் பக்கத்தில் கேட்காது. "பின்னால உக்கார யாரு இருக்கா?" என்று அவன்தான் கேட்டான். "ஒரே சுத்துடா, நான் விழமாட்டேன்" என்றேன். கிழவர்கள் இரண்டு பேரும் படகை இறக்கவே பாதிக் காலை ஆகிவிட்டது. பல் டாக்டர் பலகையை மாட்டிக்கொண்டு குடம் மாதிரிக் குந்தியிருந்தேன். எழுப்பினான். எழும்பினேன், மகனே! முட்டி முனகியது, ஆனால் நின்றேன். வலது பக்கம் ஒரு வெட்டு, இடது பக்கம் ஒரு வெட்டு. காற்று முகத்தில் அடித்தபோது ஒரு நிமிஷம் வெள்ளிக்கிழமை என்று ஒன்று வந்ததே மறந்துவிட்டது. மூன்றாவது வெட்டில் இடது கால் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போய் விழுந்தேன்.

கயிற்றை விட்டேன். மேலே வந்தேன். கையைத் தூக்கினேன். படகு போய்க்கொண்டே இருந்தது. செமி நிமிர்ந்து உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டு, அவனுக்கு நாம் கற்றுக்கொடுத்த மாதிரியே, திரும்பாமல் ஓட்டிக்கொண்டு போனான். காலிக் கயிறு பின்னால் துள்ளிக்கொண்டு போனது. சின்னத் தீவைச் சுற்றிக்கொண்டு மறைந்தே போய்விட்டான். நான் பலகையைக் கட்டிக்கொண்டு மிதந்தேன். கை மட்டும் எவ்வளவு நேரம் மேலேயே இருந்ததோ தெரியாது. யாருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றினபோதுதான் இறக்கினேன். அழுதேன். அங்கே வெட்கப்பட யாரும் இல்லை.

தீவைச் சுற்றி முன்பக்கமாக வந்தபோது, எதிரில் தண்ணீரில் என் தலையைப் பார்த்திருக்கிறான். வந்து எஞ்சினை நிறுத்தினான். அவன் வாய் கோணிப்போயிருந்தது. "அக்கா பாத்துக்கிட்டு இருக்காங்கன்னு நெனச்சிட்டேன்" என்றான். "அவங்க சொல்லல, அதான் நீ நிக்கிறேன்னு ஓட்டிக்கிட்டே போயிட்டேன்." இரண்டு பேரும் அந்தக் காலிச் சீட்டைப் பார்த்தோம். அவன் என்னை இழுத்து ஏற்றுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. படகைக் கழுவினோம், கொட்டகையில் ஏற்றினோம், எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டேன். பட்டறையில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், கொடுத்துவிடப் போகிறேன்.

இப்போது நேராகச் சொல்கிறேன், கேள். கல்யாணம் பதிவானால் உன் காகிதத்துக்கு ஒரு வழி உண்டு, ஆனால் வருஷக் கணக்கில் ஆகும், அதுவரை நீ அங்கிருந்து அசையக்கூடாது என்று வக்கீல் சொன்னதாகச் சொன்னாய். எனக்காகத் தேதி தள்ளுகிற ஒவ்வொரு மாதமும் அந்த வழியும் தள்ளிப் போகிறது. எனக்கு அவர்கள் விசா கொடுக்கமாட்டார்கள். நீ வர முடிகிற காலத்தில் நான் இருப்பேன் என்று நானே நம்பவில்லை. நாம் இனி ஒருவரை ஒருவர் பார்க்கப் போவதில்லையடா. எழுதிவிட்டேன். நீ என்னைக் கயிறாகப் பிடித்துக்கொண்டு முகம் குப்புற இழுபடுகிறாய். விடு. பிடிச்சுக்கோ என்று சொன்ன வாயாலேயே சொல்கிறேன், விடுடா ராசா.

கல்யாணத்தன்று என் போட்டோவை நாற்காலியில் வைத்து மாலை கீலை போட்டுவிடாதே, நான் இன்னும் சாகவில்லை. அம்மா படத்தை வை, அவளுக்குப் பிடித்த மஞ்சள் சேலைப் படம். வீடியோவில் காட்டுகிறேன் என்றாய், வேண்டாம். தாலி கட்டினதும் போன் பண்ணு, குரல் போதும். நித்யாம்மா, நீ கடலைப் பார்த்தால் பயம் என்றாயாம். பயந்தவர்கள்தான் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள். இவன் தண்ணீரில் இறங்குகிற அன்றைக்கு நீ படகில் பின்பக்கம் பார்த்து உட்கார். கையை நம்பாதே, முகத்தைப் பார்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விழுந்ததில் இடது கால் கட்டைவிரலில் ரப்பர் கொஞ்சம் உரசியிருக்கிறது. ஒன்றுமில்லை, கழுவிக் கட்டுப் போட்டிருக்கிறேன். செமி தினமும் வந்து கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மறுபடி கட்டிவிட்டுப் போகிறான். சாப்பாடு நன்றாக இறங்குகிறது. மழை விட்டுவிட்டது, தண்ணீர் மட்டமாக இருக்கிறது.

தேதியை வை, மகனே. நான் கையைத் தூக்கிவிட்டேன். நீ முன்னால் பார்த்து ஓட்டு.

அப்பா